சாந்த்ராகாச்சி மைதானத்துப் பிள்ளைகளுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிகளே, தங்கைகளே,

சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் கரக்பூரிலும், இன்னும் நம்ம காலனியிலேயும் இருக்கிற உங்கள் எல்லாரையும் ஒரே மூச்சில் கூப்பிட எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன். நீங்கள் தாத்தாவிடம் பந்து உதைக்கக் கற்றவர்கள். நான் அவர் பேத்தி. நானும் அவரிடம்தான் கற்றேன்.

தாத்தா பேரில் ஒரு நினைவுக் கோப்பை நடத்துவதாக நீங்கள் பேசி முடித்துப் பணமும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். எட்டு அணி, ஒரே நாள், தோற்றால் வெளியே. ஜெயித்தவர்களுக்கு ஆள் உயரக் கோப்பை, கூடவே ரொக்கம். பணம் போட்டவர்களின் பெயர்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும், "அவனா, அவன் முட்டியில் எத்தனை தடவை மருந்து போட்டிருக்கேன்" என்று கண் கலங்கினார். உங்கள் பாசம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்: கோப்பை வேண்டாம். ஏன் என்று புரியவைக்க, நீங்கள் யாரும் உள்ளே திறந்து பார்த்திராத சில நோட்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தாத்தாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கூறைப்புடவைக்குக் கீழே ஆண்டுக்கு ஒன்றாக நோட்டுகள். முதல் நோட்டு 1963. கடைசி நோட்டு 2020. மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த ஞாயிறு ஊரே கதவடைத்துக்கொண்டது உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஐம்பத்தெட்டும் வருகை நோட்டு. இடது பக்கம் பெயர்கள், வங்காளிப் பையனுக்கும் தெலுங்குப் பையனுக்கும் ஒடியாப் பையனுக்கும் எல்லாமே தமிழ் எழுத்தில். மேலே ஞாயிற்றுக்கிழமைகளின் தேதி. வந்த பிள்ளைக்குக் கட்டத்தில் ஒரு டிக். சில டிக்குகளுக்குப் பக்கத்தில் பொடியாக 'ப' என்று ஓர் எழுத்து இருந்தது. பந்தா, பயிற்சியா, பணமா என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்தேன். அம்மாதான் கண்டுபிடித்தார். பசி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளை.

ஆட்டம் முடிந்ததும் பாட்டி ஊறவைத்த கொண்டைக்கடலை, இஞ்சித் துண்டு, வெல்லம் எல்லாம் இலையில் வைத்துக் கொடுப்பாரே, அதில் சிலருக்கு மட்டும் இரண்டு கை அதிகம் விழும். இன்றைக்கு யாருக்கு அதிகம் என்று தாத்தா பாட்டிக்குச் சொல்வதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆடும்போது பார்த்தே கண்டுபிடித்து, வரிசையில் நிற்கிற இடத்தை விரலால் காட்டிவிடுவார் போலிருக்கிறது. உங்களில் சிலருக்கு இதைப் படிக்கும்போது ஏதோ விளங்கும். விளங்கியவர்கள் என்னிடம் சொல்ல வேண்டாம். அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கால் அளவு. காகிதத்தில் காலை வைத்துப் பென்சிலால் வரைந்தது, பக்கத்தில் தேதி. ஒரே பையனின் கால் நோட்டுக்கு நோட்டு வளர்கிறது. யார் எத்தனை கோல் போட்டான், யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் எங்கேயும் இல்லை. ஐம்பத்தெட்டையும் புரட்டிவிட்டேன். ஒரு கோல்கூட எழுதப்படவில்லை.

உங்களில் கடைசியாக வந்தவர்களுக்கு அவர் 'தாது', வங்காளியில் தாத்தா. அதற்கு முன்னால் வந்தவர்களுக்கு 'காக்கு', சித்தப்பா. ஆரம்பத்தில் வந்தவர்களுக்கு 'மாமா'. மூன்றையும் கேட்டு வளர்ந்த எனக்கு, அவர் இந்த மைதானத்துக்கு எங்கிருந்து வந்தார் என்பதையும் ஒரு தடவை எழுதிவைக்க ஆசை.

பிறந்தது 1935இல், திருச்சி பொன்மலையில். தென்னிந்திய ரயில்வே 1920களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்துப் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றியபோது அதோடு பெயர்ந்து வந்த குடும்பம் எங்களுடையது. காலைச் சங்குக்கு அப்பாக்கள் கிளம்புவார்கள், சாயங்காலச் சங்குக்கு மைதானத்தில் பந்து உருளும் என்பார். வெறுங்காலில் ஆடிய ஊர். 1957இல் தென்கிழக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து மெட்ராஸ் மெயிலில் ஹவுரா வந்து இறங்கினார். அந்த ரயில்வேக்கே அப்போது இரண்டு வயதுதான். 1955 ஆகஸ்டில் கிழக்கு ரயில்வேயிலிருந்து பிரிந்தது. பழைய ஆட்கள் அப்போதும் பெங்கால் நாக்பூர் ரயில்வே என்ற பழைய பெயரைச் சுருக்கி பி.என்.ஆர். என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

வேலை டி.எக்ஸ்.ஆர்., அதாவது டிரெயின் எக்ஸாமினர். அந்த வேலை என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நீளப் பிடி போட்ட சுத்தியலோடு வண்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடக்க வேண்டும். சக்கரம் சக்கரமாகத் தட்ட வேண்டும். நல்ல சக்கரம் கோயில் மணி மாதிரிக் கொஞ்ச நேரம் பாடும். விரிசல் விட்ட சக்கரம் ஓட்டைப் பானை மாதிரி 'டொக்' என்று செத்துப்போகும். இரவு மழையில், இன்னொரு தண்டவாளத்தில் இன்ஜின் கத்திக்கொண்டிருக்கும்போது அந்த வித்தியாசம் காதில் விழ வேண்டும். ஆக்சில் பாக்ஸ் சூடேறியிருக்கிறதா என்று பார்க்கக் கையை உள்ளங்கைப் பக்கமாக வைக்க மாட்டார். புறங்கையைத்தான் கொண்டுபோவார். சூடு பட்டால் கை தானாக விலகிவிடும் என்பார்.

இந்த இரண்டையும் அவர் மைதானத்துக்கு அப்படியே கொண்டுவந்தார். பந்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து விரல் முட்டியால் தட்டுவார். காற்று போதுமா, பிளாடர் திருகியிருக்கிறதா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையின் கழுத்தில் புறங்கையை வைப்பார். எத்தனை பேருக்கு அந்தப் புறங்கை ஞாபகம் இருக்கிறது? "டேய், இவனுக்குக் காய்ச்சல், இவனை வீட்டில் விட்டுட்டு வாங்க" என்று சொன்னால் அன்று மத்தியானம் அம்மாக்காரி தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பாள், இருக்கும்.

பழைய தோல் பந்துகளை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நாக்கு வைத்து, லேஸ் போட்டுக் கட்டுகிற பந்து. மழைக்காலத்தில் தண்ணீர் குடித்துச் செங்கல் மாதிரிக் கனக்கும். தலையால் முட்டினால் லேஸ் முடிச்சு நெற்றியில் பதியும். அதனாலேயே சின்னப் பிள்ளைகளைத் தலையால் முட்ட விடமாட்டார். சனிக்கிழமை இரவு திண்ணையில் உட்கார்ந்து, ஊசியால் தையல் பிரிந்த இடத்தை மெழுகு நூல் போட்டுத் தைப்பார். சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை வந்தால் எங்கள் வீட்டில் நாளைக்கு ஞாயிறு என்று அர்த்தம்.

ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு டிகாக்‌ஷன் இறக்குவது அவர்தான். மாதம் ஒருதடவை ஆற்றைத் தாண்டி லேக் மார்க்கெட் போய்க் காபிப்பொடி வாங்கி வருவார். முதல் டம்ளர் பாட்டிக்கு. இரண்டாவது டம்ளரைக் குடித்துவிட்டுப் பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டிலேயே கிளம்புவார். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி, குளித்து, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தால்தான் சாப்பாடு. சாந்த்ராகாச்சி ஓல் என்று வங்காளம் முழுக்கப் பேர்போன சேனைக்கிழங்கைப் பாட்டி வறுவலாகப் போடுவார். ஒரு பேரன் குறைந்தாலும் தாத்தா தட்டில் கை வைக்க மாட்டார். வீடும் மைதானமும் அவருக்கு வேறுவேறாக இருந்ததில்லை. 2009இல் பாட்டிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது, தலைவாரிப் பின்னல் போடுவதிலிருந்து எல்லாம் அவர்தான் செய்தார். ஐந்து வருஷம். ஞாயிற்றுக்கிழமை சக்கர நாற்காலியில் வைத்து மைதானத்து ஓரத்து மரத்தடிக்குக் கூட்டிவருவார். வலது கை வராத பாட்டி இடது கையால் கடலை அள்ளிப் போட்டதை 2010க்குப் பிறகு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்போதும் அந்த இரண்டு கை அதிகம் தவறியதில்லை.

பெனால்டியை விட்டுவிட்டு அழுகிற பையனுக்கு அவர் சொல்வது ஒரே கதை. 1948 லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. பிரான்சோடு ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது, இரண்டும் வீணாயின. அதில் ஒன்றைத் தவறவிட்டவர் சைலேன் மன்னா. கடைசி நிமிஷங்களில் பிரான்ஸ் இன்னொன்று போட, 2-1 என்று தோற்றோம். இதுவரைக்கும் சொல்லிவிட்டுத் தாத்தா நிறுத்துவார். பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்கும்வரை பேசமாட்டார். அப்புறம் 1951, டெல்லி, முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கிய அணிக்குக் கேப்டன் யார்? அதே மன்னா. "எந்த ஊர்க்காரர்? நம்ம ஹவுராடா" என்று முதுகில் ஒரு தட்டு. அதோடு அழுகை நின்றுவிடும்.

கோல் போஸ்டில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பையனுக்கு வேறு கதை. பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஆடி, கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் கோல் காத்த மனிதர். அவர் முதலில் சென்டர் ஃபார்வர்டு ஆடியவர், கோல்கீப்பர் ஆனது பிறகுதான் என்பதைத் தாத்தா ரகசியம் மாதிரிச் சொல்வார். அறுபதுகளில் தாத்தா கல்கத்தா மைதான் பக்கம் தங்கராஜின் ஆட்டத்தைப் பார்க்கப் போய், "தமிழ்ப் பேரு, ஆறடிக்கு மேலே, கையை நீட்டினால் போஸ்ட் சின்னதாயிடும்" என்று வந்து சொன்னதை அம்மா இன்னும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

குளிர்காலத்தில் அவர் விசில் ஊதாததற்கும் காரணம் உண்டு. நவம்பர் வந்தால் நம்ம ஏரியான ஜீலில் ஆயிரக்கணக்கில் சீழ்க்கைச் சிறகிகள் வந்து இறங்குமே, அவை கூட்டமாக எழும்பும்போது விசில் சத்தம் கேட்கும். ஃபவுல் என்று நினைத்துப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். "ரெஃபரி நான், வாத்து இல்லை" என்று இரண்டு ஞாயிறு சொல்லிப் பார்த்தார். மூன்றாவது ஞாயிறு விசிலை வீட்டில் வைத்துவிட்டு வந்து கை தட்டத் தொடங்கினார். பறவைகள் திரும்பிப் போகிற மார்ச் வரைக்கும் கைதட்டல்தான். இப்போதும் டிசம்பர் காலையில் ஜீல் பக்கம் போனால் எனக்குக் கால் ஒரு கணம் நிற்கிறது.

நோட்டுகளுக்குத் திரும்புகிறேன். மூன்று இடங்களை உங்களுக்குக் காட்ட வேண்டும்.

முதலாவது 1977. செப்டம்பர் 24ஆம் தேதி ஈடன் கார்டனில் பெலே ஆடினார். நியூயார்க் காஸ்மோஸ், மோகன் பகான், 2-2. தாத்தாவுக்கு எப்படியோ ஒரே ஒரு டிக்கெட் கிடைத்தது. அவர் போகவில்லை. அந்த வருஷ நோட்டை எண்ணிப் பார்த்து, அதிக டிக் வாங்கியிருந்த பையனிடம் கொடுத்தார். அந்தப் பையன் நம்மில் மிகச் சுமாராக ஆடியவன் என்று அந்தக் காலத்து அண்ணன் ஒருவர் சொன்னார். எண்ணிக்கை நோட்டின் ஓரத்தில் பென்சிலில் இருக்கிறது: 37. அந்த வருஷம் அதுவரைக்கும் 38 ஞாயிறுதான் போயிருந்தது.

இரண்டாவது 1980. ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் கலவரம் மூண்டு நெரிசலில் பதினாறு ரசிகர்கள் செத்துப்போனார்கள். நம்ம காலனியிலிருந்தும் பையன்கள் போயிருந்தார்கள். மறுநாள் ஞாயிறு மைதானத்தில் ஆட்டம் நடக்கவில்லை. ஆனால் நோட்டில் அந்தத் தேதிக்குக் கீழே எல்லாப் பெயருக்கும் டிக் இருக்கிறது. எனக்கு முதலில் புரியவில்லை. அம்மாவுக்கு அப்போது பதினெட்டு வயது, நன்றாக நினைவு வைத்திருக்கிறார். தாத்தா விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். பையன் வீடு திரும்பிவிட்டானா என்று வாசலில் நின்று கேட்டு, முகத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே நோட்டில் டிக் போட்டிருக்கிறார். அதற்கப்புறம்தான் மைதானத்தில் அந்த இரண்டு கிளப்பின் நிறங்களான பச்சை-மெரூனும் சிவப்பு-மஞ்சளும் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று தடை போட்டார். பனியனோடு ஆடுங்கள், அது போதும் என்றார். அந்தத் தடை பலருக்குக் கோபம். எனக்கும் சின்ன வயதில் கோபம்தான். காரணம் இப்போது நோட்டில் பார்த்தேன்.

மூன்றாவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது. 1986.

ஒரு பையனின் புது பூட்ஸ் காணாமல் போனது. அந்தக் காலத்தில் பூட்ஸ் என்பது ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கைக் குலைக்கிற சாமான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வெறுங்காலோடு வருகிற டீக்கடைக்காரர் மகன் ஒருவன் இருந்தான். தாத்தா அவனை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு, "நீ எடுத்தியா?" என்று கேட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை, கேட்டார், அவ்வளவுதான். அவன் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. பந்தைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய்விட்டான். மூன்று வாரம் கழித்து பூட்ஸ், அதைத் தொலைத்த பையனின் சித்தி வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடைத்தது. அவனே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

அன்று சாயங்காலமே தாத்தா டீக்கடைக்குப் போனார். அந்த அப்பாவிடம், கடையில் நாலு பேர் நிற்க, கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டார். அவர், "விடுங்க தாதா, பையன்தானே" என்றாராம். பையன் உள்ளே இருந்தான், வெளியே வரவில்லை. டியூட்டி முடிந்து வரும்போதெல்லாம் தாத்தா அங்கே நின்று டீ குடிக்கத் தொடங்கினார். காபி தவிர வேறு தொடாத மனிதர். ஒரு வருஷத்துக்கு மேல் போனார். ஒவ்வொரு விசுவகர்மா பூஜைக்கும் பணிமனைப் பிரசாதத்தை முதலில் அந்தக் கடைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். பையன் மைதானத்துக்குத் திரும்ப வரவேயில்லை. பிறகு கடையும் போய்விட்டது, குடும்பமும் எங்கோ போய்விட்டது.

அவன் பெயர் 1987 நோட்டில் இருக்கிறது. எல்லாக் கட்டமும் காலி. 1988இல் இருக்கிறது. 1995இல் இருக்கிறது, அவனுக்கு அப்போது இருபதைத் தாண்டியிருக்கும். 2020இலும் இருக்கிறது, முதல் பெயராக. முப்பத்துநாலு வருஷம் ஒவ்வொரு ஜனவரியும் புது நோட்டு வாங்கி, முதல் வரியில் அவன் பெயரை எழுதி, கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறார். 1987 நோட்டில் மட்டும் அந்தப் பெயருக்கு நேரே இரண்டு சொல்: 'என் தப்பு.'

இதை எங்களிடம் அவர் சொன்னதில்லை. பாட்டிக்குத் தெரிந்திருக்கும்.

கடைசி நோட்டுக்கு அப்புறமும் அவர் ஒரு தடவை வருகை எடுத்தார். 2023 ஜூன் 2. சாலிமாரிலிருந்து கிளம்பி நம்ம ஊர் வழியாகப் போகிற கோரமண்டல், அன்று சாயங்காலம் பாலசோர் பக்கம் பஹானகா பஜாரில் விபத்துக்குள்ளானது. அவருக்கு எண்பத்தெட்டு வயது. டிவியில் கவிழ்ந்த பெட்டிகளைக் காட்டினார்கள். தாத்தா சக்கரங்களைப் பார்த்தார். மேலே பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சக்கரங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் போன் நம்பர் எழுதிய டைரியை எடுத்துவரச் சொன்னார். "யார் யார் மெட்ராஸ் போறான், வர்றான்னு தெரியலை. எல்லாருக்கும் போடு." இரவு இரண்டு மணி வரைக்கும் நான் நம்பரை அழுத்திக் கொடுத்தேன், அவர் பேசினார். உங்களில் எத்தனையோ பேரை அன்று தூக்கத்திலிருந்து எழுப்பினோம். "வீட்டில்தான் இருக்கியா? சரி, தூங்கு" என்று வைத்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு. எடுக்காத ஒரு நம்பருக்கு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலை ஆறரைக்கு அந்த அண்ணன் திரும்பக் கூப்பிட்டு, போனை சைலண்டில் வைத்துவிட்டேன் தாத்தா என்றார். அப்புறம்தான் காபி குடித்தார்.

அடுத்த ஜனவரியில், ஜீலில் பறவைகள் இருக்கும்போதே போய்விட்டார்.

இப்போது கோப்பைக்கு வருகிறேன். ஒருநாள் நாக்-அவுட் ஆட்டம் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். ரொக்கப் பரிசு என்றால் ஒவ்வொரு அணியும் 'கெப்' ஆட ஆட்களைக் கூட்டிவரும். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஊர் ஊராக ஆடிக் கொடுக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தாத்தாவும் சொன்னதில்லை, அது அவர்கள் அரிசி. ஆனால் நம்ம காலனிப் பிள்ளை அன்று கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருக்கும். ஆறு அணிப் பிள்ளைகள் ஒரு ஆட்டத்திலோ இரண்டிலோ தோற்று வீட்டுக்குப் போய்விடும். திங்கட்கிழமை மைதானம் காலி. தாத்தா பேர் எழுதிய கோப்பை யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில்.

நியூஜெர்சியில் இருக்கும் நம்ம பெரியம்மா பேரன் பேஸ்பால் ஆடுகிறான், உங்களுக்குத் தெரியும். பென்சில்வேனியாவில் 1939இல் தொடங்கிய லிட்டில் லீக் என்கிற சிறுவர் அமைப்பில் ஆடுகிறான். வீடியோவில் அவன் ஆட்டத்தைத் தாத்தாவுக்குக் காட்டினோம். மட்டையும் கையுறையும் ஓட்டமும் அவருக்குப் பாதி புரியவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எல்லாப் பிள்ளைக்கும் மட்டை கிடைக்குமாடா?" கிடைக்கும் கொள்ளுத்தாத்தா, அணியில் இருக்கிற ஒவ்வொருவனையும் ஒரு தடவையாவது மட்டை பிடிக்க விட வேண்டும், கொஞ்ச நேரமாவது களத்தில் நிறுத்த வேண்டும், அது விதி என்றான் அவன். தாத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விதியாவே எழுதி வச்சிருக்கானா?" என்று இரண்டு தடவை கேட்டார். அன்று முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொன்னார். அவர் அறுபது வருஷமாக மனதில் வைத்து நடத்தியதை எங்கோ ஓர் ஊரில் காகிதத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதில் அவ்வளவு சந்தோஷம்.

நான் பத்து வயதில் மைதானத்தில் இறங்கியபோது நடந்ததும் அதுதான். 1991. ஒரே பெண். அண்ணன்மார்களில் இரண்டு பேர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள், அன்று முணுமுணுத்தவர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தம் எப்போதோ போய்விட்டது. தாத்தா உங்களைக் கண்டிக்கவில்லை. சாந்தி மல்லிக் என்று ஒரு வங்காளிப் பெண், கால்பந்துக்கு 1983இல் அர்ஜுனா விருது வாங்கியவர், தெரியுமா என்று மட்டும் கேட்டார். பிறகு நோட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். எழுதி முடித்துவிட்டால் அவர் மைதானத்தில் அப்பீல் கிடையாது.

அதனால் நான் கேட்பது இது. மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மறுபடி தொடங்கியிருக்கிறேன். பதினாலு பிள்ளைகள் வருகிறார்கள். ஐந்து பேர் பெண்கள். என் ஒருத்தியால் முடியவில்லை. சின்னவர்களும் பெரியவர்களும் ஒரே பந்தில் ஆட முடியாது. ஹவுராவிலும் கல்கத்தாவிலும் இருக்கிறவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை வாருங்கள். ஆட வேண்டாம், வயதாகிவிட்டதே என்றால் மரத்தடியில் உட்கார்ந்து கடலை போடுங்கள். 'ப' யாருக்கு என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் கண் பழகவில்லை. உங்களில் பசியோடு ஆடியவர்களுக்கு அது சீக்கிரம் தெரியும் என்று நினைக்கிறேன். தூரத்தில் இருக்கிறவர்கள் சேர்த்த பணத்தில் மூன்றாம் நம்பர் பந்து நாலு, நாலாம் நம்பர் பந்து நாலு வாங்கித் தாருங்கள். ஐந்தாம் நம்பர் வேண்டாம், இப்போது வருகிறவர்களின் காலுக்கு அது பெரிது. பதினாலு பேரின் கால் அளவையும் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன், படம் எடுத்து அனுப்புகிறேன். உங்கள் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன பூட்ஸ் இருந்தால் அதே போதும்.

ஆட்டம் நடத்தியே தீர வேண்டும் என்றால் ஜனவரியில் ஒரு நாள் நடத்துவோம். கோப்பை இல்லை, ரொக்கம் இல்லை. வந்த பிள்ளைகள் எல்லாரும் ஆட வேண்டும், அதை விதியாகவே எழுதிவிடுவோம். விசிலுக்குப் பதில் கை தட்டுவோம்.

இன்னும் ஒன்று. அந்த டீக்கடைக்காரர் மகன். பெயரை இங்கே எழுத மாட்டேன், 1986இல் மைதானத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவருக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு நான் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்க விருப்பமில்லை என்று அவர் சொன்னால் திரும்பி வந்துவிடுவேன். புது நோட்டில் முதல் வரியை எழுதாமல் விட்டு வைத்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு மைதானத்தில் இருப்பேன். தாத்தாவின் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. ஊசி மட்டும் உடைந்துவிட்டது, வருகிறவர்கள் யாராவது ஒன்று வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
தாத்தாவின் பேத்தி
சாந்த்ராகாச்சி